கருப்புத் திரையைப் பார்த்ததும் ஃபார்மட் பண்ணாதீங்க: லினக்ஸில் கிராபிக்ஸ் டிரைவர் சிக்கலை அவிழ்ப்பது எப்படி?

(எபிசோடின் எடிட் செய்த எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். கட்டளைகள் ஆடியோவில் உச்சரித்தபடியே இருக்கின்றன. டெர்மினலில் டைப் செய்யும்போது, குறிப்பிட்டுச் சொன்ன இடம் தவிர, எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்துகள்.)

லினக்ஸ் டெஸ்க்டாப் பற்றி எனக்கு வர்ற கேள்விகளில் அடிக்கடி வர்றது இதுதான்: "அப்டேட் பண்ணேன், ரீஸ்டார்ட் பண்ணேன், ஸ்க்ரீன் கருப்பா நிக்குது. இப்ப என்ன பண்றது?" இதுக்கு நண்பர்கள் கிட்ட கேட்டா பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "ஃபார்மட் பண்ணி புதுசா போட்டுடு."

அந்தப் பதிலை இன்னைக்கு கொஞ்சம் கேள்வி கேட்போம். கருப்புத் திரைன்னா சிஸ்டம் செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்லை. பல சமயம் உள்ளே எல்லாமே ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். உங்க ஃபைல்கள் பத்திரமா இருக்கும். படத்தை மானிட்டருக்கு அனுப்புற ஒரே ஒரு கண்ணி மட்டும் அறுந்திருக்கும். அது எங்கே அறுந்ததுன்னு கண்டுபிடிக்க மூணு விஷயம் தெரிஞ்சா போதும்: என்ன கார்டு, என்ன டிரைவர், என்ன கர்னல். இந்த மூணும் ஒத்துப்போகணும். ஒண்ணு விலகினாலும் திரை இருட்டாயிடும்.

ஏன் என்விடியாவில் மட்டும் இவ்வளவு பஞ்சாயத்து?

முதல்ல அடிப்படை. கர்னல்ங்கிறது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையம். ஹார்டுவேரோட நேரடியா பேசுறது அதுதான். டிரைவர்ங்கிறது அந்தக் கர்னலுக்கு ஒரு குறிப்பிட்ட கார்டோட மொழியைப் புரிய வைக்கிற மாட்யூல்.

ஏஎம்டி, இன்டெல் கார்டுகளுக்கான டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கு. ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியு, அது 2015-இல் 4.2 கர்னலோட சேர்ந்தது. இன்டெலுக்கு ஐ915, புது சிப்களுக்கு எக்ஸ்இ. இவங்க எல்லாம் வீட்டு ஆட்கள் மாதிரி. வீட்டைப் புதுப்பிச்சா இவங்க அறையும் சேர்ந்தே புதுப்பிக்கப்படும்.

என்விடியாவோட சொந்த டிரைவர் வாடகைக்குக் குடியிருக்கிறவர் மாதிரி. வெளியில இருந்து வர்றார். வீட்டுக்காரர் பூட்டை மாத்தும்போதெல்லாம் இவருக்குப் புதுச் சாவி வெட்டணும். அதாவது, ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்கும் அந்த மாட்யூலைத் திரும்ப பில்டு பண்ணணும். இந்த வேலையைத் தானா செய்றதுக்குத்தான் டிகேஎம்எஸ்னு ஒரு கருவி இருக்கு. டெல் நிறுவனத்தோட லினக்ஸ் குழு 2003-இல் எழுதினது.

2012-இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசும்போது லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவைக் கடுமையாத் திட்டினது நிறைய பேருக்குத் தெரியும். கோபத்துக்குக் காரணம் இந்த மூடின கதவுதான். 2022 மே மாதம் என்விடியா தன்னோட கர்னல் மாட்யூல்களைத் திறமூலமா வெளியிட்டது. ஆனா அது டூரிங் தலைமுறைக்கும் அதுக்குப் பிறகு வந்த கார்டுகளுக்கும் மட்டும்தான். அதுவும் இன்னும் கர்னலுக்கு வெளியேதான் இருக்கு. ஆக, சாவி வெட்டுற வேலை ஓயலை.

நோவோன்னு இன்னொரு டிரைவர் இருக்கு. என்விடியா கார்டுகள் எப்படி வேலை செய்யுதுன்னு வெளியில இருந்து ஆராய்ஞ்சு சமூகம் எழுதினது. கர்னலுக்குள்ளேயே இருக்கு. படம் காட்டும், ஆனா பல கார்டுகளில் முழு வேகம் வராது. உதாரணமா ஜிடிஎக்ஸ் 1050, 1060 மாதிரி பாஸ்கல் கார்டுகளில், வேகத்தைக் கூட்ட என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் வேணும். அது நோவோவுக்குக் கிடைக்கலை. அதனால கார்டு ஆன் ஆகும்போது இருந்த குறைஞ்ச வேகத்திலேயே நிற்கும்.

கருப்பிலும் வகை உண்டு

எப்போ கருப்பாச்சுன்னு பாருங்க. பாதிப் பதில் அதிலேயே இருக்கு.

பவர் பட்டனைத் தட்டினதில் இருந்தே "சிக்னல் இல்லை"ன்னு மானிட்டர் சொல்லுதா? மதர்போர்டு லோகோகூட வரலையா? அப்போ லினக்ஸ் இன்னும் மேடைக்கே வரலை. டிரைவரைத் தொடாதீங்க. முதல்ல கேபிளைப் பாருங்க. கிராபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப்பில் மானிட்டர் கேபிள் கார்டோட போர்ட்டில்தான் இருக்கணும், மதர்போர்டு போர்ட்டில் இல்லை. இன்டெலில் பெயர் முடிவில் எஃப் வர்ற பிராசஸர்களில் உள்ளடங்கிய கிராபிக்ஸே கிடையாது. அங்கே மதர்போர்டு போர்ட் வெறும் ஓட்டைதான். அப்புறம், கார்டுக்குத் தனி பவர் கேபிள் தேவைன்னா அது சரியா அழுந்தி உட்கார்ந்திருக்கான்னு பாருங்க.

லோகோ வருது, பூட் மெனு வருது, அதுக்கப்புறம் கருப்பு. இது டிரைவர் பிரச்சினையா இருக்கத்தான் அதிக வாய்ப்பு.

டெஸ்க்டாப் வருது, ஆனா எழுத்தெல்லாம் பெரிசா, விண்டோவை இழுத்தா திக்கித் திக்கி வருது. இது மூணாவது வகை. கார்டை யாரும் ஓட்டலை, பிராசஸரே படத்தையும் வரையுதுன்னு அர்த்தம். செட்டிங்ஸில் அபௌட் பக்கத்தில் கிராபிக்ஸ்னு ஒரு வரி இருக்கும். அதில் எல்எல்விஎம்பைப்னு இருந்தா இதேதான்.

முதல் வேலை: உள்ளே போறது

போன மாசம் விஸ்காம் படிக்கிற ஒரு மாணவி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. இறுதியாண்டுக் குறும்படம், கேடன்லைவில் எடிட் நடக்குது. திங்கட்கிழமை சமர்ப்பிக்கணும். சனிக்கிழமை ராத்திரி அப்டேட், ரீஸ்டார்ட், கருப்புத் திரை. மூணு மாச ஃபுட்டேஜ் முழுக்க அந்த டிஸ்க்கில்தான். சிஸ்டமும் ஃபைல்களும் ஒரே பார்ட்டிஷன். வேறெங்கேயும் காப்பி இல்லை. நண்பர் ஒருத்தர் பென் டிரைவோட வந்து உட்கார்ந்துட்டார், புதுசா இன்ஸ்டால் பண்ண. "பண்ணலாமா அண்ணா?"ன்னு கேட்டாங்க. நல்லவேளை, பண்றதுக்கு முன்னாடி கேட்டாங்க.

ஒரே பார்ட்டிஷன்ல ஃபார்மட் பண்ணா அந்தப் படம் போயிருக்கும். போகவேண்டிய அவசியமே இல்லை. உள்ளே போக மூணு வழி இருக்கு.

முதல் வழி: கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேர்த்து அழுத்துங்க. வெறும் எழுத்து மட்டும் வர்ற ஒரு லாகின் வரலாம். வந்தா சிஸ்டம் உயிரோட இருக்கு. அங்கேயே லாகின் பண்ணி எல்லாக் கட்டளையும் கொடுக்கலாம்.

இரண்டாவது வழி: பழைய கர்னல். அப்டேட் வந்தாலும் பெரும்பாலான டிஸ்ட்ரோக்கள் முந்தைய கர்னலை அழிக்காம வச்சிருக்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகி லோகோ வந்ததும் எஸ்கேப் கீயை ஒரு தடவை தட்டுங்க. பழைய பயாஸ் மெஷின்னா ஷிஃப்டை அழுத்திப் பிடிங்க. கிரப் மெனு வரும். அதிகமாத் தட்டிட்டா மெனுவுக்குப் பதிலா கிரப்னு ஒரு வெற்று வரி வரலாம். பயப்படாதீங்க, நார்மல்னு டைப் பண்ணி என்டர் தட்டினா மெனு வந்துடும். அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே போய், மேலே இருக்கிற புதுக் கர்னலை விட்டுட்டு, அதுக்கு முந்தைய எண்ணைத் தேர்ந்தெடுங்க.

மூணாவது வழி: நோமோட்செட். அதே மெனுவில் முதல் வரியில் நின்னு இ எழுத்தைத் தட்டுங்க. லினக்ஸ்னு ஆரம்பிக்கிற நீளமான வரியோட கடைசியில் ஒரு ஸ்பேஸ் விட்டு நோமோட்செட்னு ஒரே வார்த்தையா சேர்த்து, எஃப்10 அழுத்துங்க. திரையோட அளவை மாத்துற வேலையை கிராபிக்ஸ் டிரைவர் கையில் கொடுக்காதேன்னு கர்னலுக்குச் சொல்ற வார்த்தை இது. இந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான் செல்லும். இதை நிரந்தரமா எழுதி வைக்காதீங்க. நோமோட்செட் முதலுதவி, மருந்து இல்லை. ஏஎம்டி, இன்டெல் கார்டுகளில் இது நிரந்தரமா இருந்தா டிரைவர் வேலையே செய்யாது. "லினக்ஸில் வீடியோ திக்குது"ன்னு புலம்புறவங்க மெஷினில் இந்த வார்த்தை பல சமயம் ஒளிஞ்சிருக்கும்.

அந்த மாணவிக்கு இரண்டாவது வழி கைகொடுத்தது. பழைய கர்னலில் டெஸ்க்டாப் அப்படியே வந்தது. நான் சொன்ன முதல் வேலை, டிரைவரைச் சரிபண்றது இல்லை: ஃபுட்டேஜ் முழுக்க வெளி ஹார்டு டிஸ்க்குக்குக் காப்பி. இரண்டாவது வேலை: பழைய கர்னலிலேயே எடிட்டை முடிச்சு எக்ஸ்போர்ட். திங்கட்கிழமை படம் போய்ச் சேர்ந்தது. ரிப்பேர் அதுக்கப்புறம்தான்.

மூணு கேள்வி, நாலு கட்டளை

உள்ளே வந்தாச்சு. இப்போ விசாரணை.

முதல் கட்டளை: எல்எஸ்பிசிஐ, ஸ்பேஸ், ஹைஃபன் கே. பெரிய பட்டியல் வரும். அதில் விஜிஏன்னு இருக்கிற வரியைத் தேடுங்க. அதுதான் உங்க கார்டு. அதுக்குக் கீழே "கர்னல் டிரைவர் இன் யூஸ்"னு ஒரு வரி இருக்கணும். நோவோ, என்விடியா, ஏஎம்டிஜிபியு, ஐ915, இப்படி ஏதாவது ஒரு பெயர். அந்த வரியே இல்லைன்னா, கார்டை எந்த டிரைவரும் கையில் எடுக்கலை. பாதி வழக்கு இங்கேயே முடிஞ்சது.

இரண்டாவது: யுநேம், ஸ்பேஸ், ஹைஃபன் ஆர். இப்போ ஓடுற கர்னல் எண்.

மூணாவது: டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ். எந்தெந்தக் கர்னலுக்கு என்விடியா மாட்யூல் பில்டு ஆகியிருக்குன்னு சொல்லும்.

நாலாவது: ஜர்னல்சிடிஎல், ஸ்பேஸ், ஹைஃபன் கே, ஸ்பேஸ், ஹைஃபன் பி, ஸ்பேஸ், ஹைஃபன் 1. இந்த பி, பூட்டோட பி. போன தடவை பூட் ஆனப்போ கர்னல் என்ன சொல்லிட்டு விழுந்ததுன்னு காட்டும். கருப்பா நின்ன பூட்டுக்கு அடுத்த பூட்டிலேயே இதைப் பாருங்க. நடுவில் இரண்டு தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டா 1-க்குப் பதிலா 3 போடணும்.

அந்த மாணவியோட மெஷின் டெபியன் 12, ஜிடி 730 கார்டு, 470 டிரைவர். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸில் பழைய கர்னல் எண் மட்டும்தான் இருந்தது, புதுசு இல்லை. காரணம் ஹெடர்ஸ். மாட்யூல் பில்டு ஆக அந்தக் கர்னலோட ஹெடர்ஸ் பேக்கேஜ் வேணும். சாவி வெட்டுறவருக்குப் பூட்டோட அச்சு வேணும் இல்லையா, அது மாதிரி. இன்ஸ்டால் பண்ண அன்னைக்கு, அன்னைக்கு ஓடின கர்னலுக்கு மட்டும் ஹெடர்ஸ் போட்டிருக்காங்க. அடுத்த கர்னல் வந்தது, அதோட ஹெடர்ஸ் வரலை. தீர்வு ஒரே ஒரு பேக்கேஜ்: டெபியனில் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64, உபுண்டுவில் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக். எண் இல்லாத இந்தப் பெயரைப் போட்டா, ஒவ்வொரு புதுக் கர்னலோடயும் அதுக்கான ஹெடர்ஸும் சேர்ந்து வரும். பெயரில் ஏஎம்டி64னு இருக்கிறதைப் பார்த்து, இது ஏஎம்டி மெஷினுக்கு மட்டும்னு நினைச்சுடாதீங்க. 64 பிட் இன்டெலுக்கும் அதே பெயர்தான்.

என்விடியா வச்சிருக்கீங்களா? இந்த நாலையும் பாருங்க

ஒண்ணு, கார்டோட வயசு. என்விடியா ஒரு கட்டத்துக்கு மேல பழைய கார்டுகளைப் புது டிரைவரில் இருந்து கழட்டிவிட்டுடும். ஃபெர்மி கார்டுகளுக்குக் கடைசி வரிசை 390. கெப்ளருக்கு 470. மேக்ஸ்வெல், பாஸ்கல் இரண்டுக்கும் 580. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குறவங்க இதைக் கவனிங்க. ஜிடி 730ங்கிற ஒரே பெயரில் ஃபெர்மி சிப்பும் வந்திருக்கு, கெப்ளர் சிப்பும் வந்திருக்கு. பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்எஸ்பிசிஐ வரியில் சிப் குறியீடு இருக்கும்: ஜிஎஃப்னு ஆரம்பிச்சா ஃபெர்மி, ஜிகே கெப்ளர், ஜிஎம் மேக்ஸ்வெல், ஜிபி பாஸ்கல், டியூ டூரிங். புதுப் பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. டிரைவர் பட்டியலில் பெயர் முடிவில் ஓப்பன்னு இருக்கிறது டூரிங்குக்கு முந்தைய கார்டுகளில் வேலை செய்யாது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கோ ஓப்பன் மட்டும்தான் வேலை செய்யும்.

இரண்டு, செக்யூர் பூட். இதை அபார்ட்மென்ட் வாட்ச்மேன்னு வச்சுக்கலாம். கையொப்பம் இல்லாத மாட்யூலை உள்ளே விடமாட்டார். மோக்யூட்டில், ஸ்பேஸ், இரண்டு ஹைஃபன், எஸ்பி ஹைஃபன் ஸ்டேட்னு கொடுத்தா ஆன்ல இருக்கா இல்லையான்னு சொல்லும். உபுண்டுவில் டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த பூட்டில் ஒரு நீலத் திரை வரும். நிறைய பேர் அதை ஏதோ எரர்னு நினைச்சு கன்டின்யூ தட்டிடுறாங்க. அங்கே என்ரோல் மோக்கைத் தேர்ந்தெடுத்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்கணும். வாட்ச்மேன் நோட்டில் பெயர் ஏறுற இடம் அதுதான். கொஞ்ச நொடியில் திரை தானா போயிடும், அதனால கம்ப்யூட்டர் முன்னாடியே இருங்க. "செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிடு"ன்னு சுலபமா சொல்லிடுவாங்க. அதே மெஷினில் விண்டோஸும் இருந்து, பிட்லாக்கர் ஆன்ல இருந்தா, அடுத்த தடவை விண்டோஸ் ரெகவரி கீ கேட்கலாம். அந்தக் கீ கையில் இல்லாம அதைத் தொடாதீங்க.

மூணு, டிரைவரை எங்கிருந்து எடுத்தீங்க? விண்டோஸ் பழக்கத்தில் என்விடியா தளத்துக்குப் போய், ரன்னு முடியுற ஃபைலை இறக்கி ஓட்டுறவங்க உண்டு. அதைப் பேக்கேஜ் மேனேஜருக்குத் தெரியாது. அப்புறம் டிஸ்ட்ரோவோட டிரைவரும் சேர்ந்தா இரண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதும். உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ், மின்ட்டில் டிரைவர் மேனேஜர், ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷன். எப்பவும் இந்த வழியிலேயே போங்க. ஃபெடோராவில் இன்ஸ்டால் முடிஞ்ச உடனே ரீஸ்டார்ட் பண்ணாதீங்க. மாட்யூல் பின்னணியில் பில்டு ஆகிக்கிட்டு இருக்கும், சில நிமிஷம் விடுங்க.

நாலு, வெர்ஷன் பொருந்தலைன்னு என்விடியா ஹைஃபன் எஸ்எம்ஐ கட்டளை சொல்லுதா? டிரைவர் அப்டேட் ஆச்சு, ஆனா பழைய மாட்யூல் இன்னும் மெமரியில் ஓடுது. ரீஸ்டார்ட் பண்ணுங்க, பெரும்பாலும் அவ்வளவுதான். இதுக்கெல்லாம் டிரைவரை அழிச்சுத் திரும்பப் போடவேண்டாம்.

ஏஎம்டி, இன்டெல்காரங்களுக்கு

உங்களுக்குக் கதை நேர் எதிர். தேடிப்போய் இறக்க வேண்டிய டிரைவர் ஒண்ணும் இல்லை. சாதாரண டெஸ்க்டாப்புக்கும் கேமுக்கும், கர்னலும் மெசாவும் போதும். மெசாங்கிறது ஓப்பன்ஜிஎல், வல்கன் வேலைகளைச் செய்ற பகுதி.

இங்கே சிக்கல் வந்தா பெரும்பாலும் கார்டு புதுசு, கர்னல் பழசு. டெபியன் 12 வந்தது 2023-இல், 6.1 கர்னலோட. 2025-இல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 9000 கார்டை அது எப்படி அடையாளம் கண்டுபிடிக்கும்? அந்தக் கர்னல் எழுதினப்போ அந்தக் கார்டே இல்லை. புது டிஸ்ட்ரோ வெர்ஷனுக்குப் போங்க, இல்லைன்னா பேக்போர்ட்ஸில் புதுக் கர்னலும் மெசாவும் எடுங்க. இன்னொரு காரணம் ஃபர்ம்வேர். ஜர்னலில் ஃபர்ம்வேர் ஃபைல் லோடு ஆகலைன்னு வரி இருந்தா, அந்தப் பேக்கேஜ் விட்டுப்போயிருக்கு. டெபியனில் அதோட பெயர் ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராபிக்ஸ், உபுண்டுவில் லினக்ஸ்-ஃபர்ம்வேர்.

லாகின் வரைக்கும் வந்து திரும்பிப் போகுதா?

பாஸ்வேர்டு கொடுத்ததும் ஒரு நொடி கருப்பாகி, திரும்ப லாகினுக்கே வந்து நிக்குதுன்னா, டிரைவர் உயிரோட இருக்கலாம், செஷன் மட்டும் விழுந்திருக்கலாம். லாகின் திரையில் ஒரு சின்னப் பல்சக்கர ஐகான் இருக்கும். வேலேண்ட்ல இருந்தா எக்ஸ்11-க்கும், அதுல இருந்தா இதுக்கும் மாத்திப் பாருங்க. பழைய என்விடியா டிரைவரும் வேலேண்டும் நல்லா ஒத்துப்போனதில்லை. ஆனா புது குனோம் வெர்ஷன்களில் எக்ஸ்11 தேர்வே காணாம போகுது, அதனால இந்தக் கதவை நம்பி ரொம்ப நாள் இருக்க முடியாது. அதோட டிஸ்க் நிறைஞ்சிருந்தாலும் இதே மாதிரி லாகினிலேயே சுத்தும். டிஎஃப், ஸ்பேஸ், ஹைஃபன் ஹெச் கொடுத்து ஒரு பார்வை பார்த்துடுங்க.

அடுத்த தடவை தப்பிக்க

சமர்ப்பிக்க வேண்டிய வேலை இருக்கிற வாரத்தில் கர்னல் அப்டேட் வேண்டாம். இரண்டு நாள் தள்ளிப் போடுறதால ஒண்ணும் ஆகாது. அப்டேட் முடிஞ்சதும், ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி, டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸில் புதுக் கர்னல் எண் வந்திருக்கான்னு பாருங்க. பத்து நொடி வேலை. இடம் பத்தலைன்னு பழைய கர்னலை எல்லாம் அழிச்சுடாதீங்க, ஒண்ணாவது மிச்சம் வைங்க. டைம்ஷிஃப்ட் ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சிருக்கேன்னு சிலர் நிம்மதியா இருப்பாங்க. நல்லதுதான். ஆனா டைம்ஷிஃப்ட் இயல்பா சிஸ்டம் ஃபைல்களை மட்டும்தான் காப்பாத்தும், உங்க ஹோம் ஃபோல்டரை இல்லை. உங்க படம், பாட்டு, ப்ராஜெக்ட் எல்லாத்துக்கும் இன்னொரு டிஸ்க்கில் தனிக் காப்பி வேணும்.

அப்புறம், யார்கிட்டயாவது உதவி கேட்கும்போது "ஸ்க்ரீன் கருப்பா இருக்கு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. டிஸ்ட்ரோ பெயரும் வெர்ஷனும், எல்எஸ்பிசிஐ சொன்ன கார்டு வரியும் டிரைவர் வரியும், கர்னல் எண், ஜர்னலோட கடைசி இருபது வரி. இதை ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பினாக்கூட போதும். இது கையில் இருந்தா பதில் சொல்றவங்க ஊகிக்க வேண்டியதில்லை. பல சமயம் இதைத் திரட்டி முடிக்கிறதுக்குள்ள உங்களுக்கே விடை தெரிஞ்சிருக்கும்.

அடுத்த எபிசோடில் இதோட தொடர்ச்சியா, லினக்ஸில் இரண்டு மானிட்டர் வச்சு வேலை செய்றவங்களோட கேள்விகளைப் பார்ப்போம். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அனுப்புறதுக்கு முன்னாடி எல்எஸ்பிசிஐ, ஸ்பேஸ், ஹைஃபன் கே. மறந்துடாதீங்க.